காவல் இல்லாத பாதை

தமிழில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல, பாதையைக் குறிக்கும் சொற்களாகவும் விளங்குகின்றன. நெறி என்பது வழி. நன்னெறி என்பது அறம். ஆறு என்பது செல்லும் வழி. அறத்தாறு என்பது அறத்தின் வழி. நட என்னும் வினையிலிருந்து நடத்தை பிறந்தது. ஒழுகு என்னும் வினையிலிருந்து ஒழுக்கம் பிறந்தது. குற்றத்தைக் குறிக்கும் சொற்களும் அத்தகையனவே. தவறுதல், வழுவுதல் ஆகிய சொற்கள் கால் தடம் பிசகுவதையும் உணர்த்தும். மனம் அறம் பிழைப்பதையும் உணர்த்தும். இலக்கண வகுப்பில் வழு என்றும் வழாநிலை என்றும் நாம் கற்பிக்கும்போது, அறியாமலேயே பாதையின் மொழியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இச்சொற்கள் எல்லாம் நடப்பவனைப் பற்றியவை. நடப்பவனுக்கு நின்று எண்ணிப் பார்க்க நேரம் உண்டு. ஓடுகிறவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது, எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது. அந்த நொடியில் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பது அவன் படித்த பாடத்தைவிட அவனுடைய இயல்பையே மிகுதியாகக் காட்டும். ஆகவே, ஒழுக்கத்தைப் பற்றிய ஒரு பழைய வினாவை ஓட்டப் பாதையில் வைத்து ஆராய்வது பொருத்தமுடையது. யாரும் காணாத இடத்தில் மனிதன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே அவ்வினா.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் குறுக்கோட்டத்தை அறியாத ஆசிரியர் இலர். மலாய் மொழியில் மெரெந்தாஸ் டேசா என்பர். அரங்கத்தின் ஓடுதளத்தை விட்டு வெளியேறி, மேடும் பள்ளமும் தோப்பும் ஓடையுமாகக் கிடக்கும் நாட்டுப்புறத்தை ஊடறுத்து ஓடுவது அது. இதன் பெயரிலேயே ஒரு முரண் பொதிந்துள்ளது. பெயரில் குறுக்கு உண்டு. விதியிலோ குறுக்குவழிக்கு இடமில்லை. நிலத்தைக் குறுக்கே கடக்கலாம். பாதையைக் குறுக்கக் கூடாது.

இவ்விளையாட்டு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளிகளில் உருப்பெற்றது. முயலாக நியமிக்கப்பட்டவன் காகிதத் துண்டுகளைச் சிதறிக்கொண்டு முன்னே ஓடுவான். வேட்டை நாய்களாகப் பெயர் பூண்ட மற்றவர்கள் அத்தடத்தைத் தேடிப் பின்னே ஓடுவார்கள். பின்னர் இது முறைப்பட்ட போட்டியாக வளர்ந்து, 1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களிலும் இடம்பெற்றது. 1924இல் பாரிசில் கடும் வெயிலில் நடந்த போட்டியில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே முடிவுக் கோட்டை அடைந்தனர். அதன்பின் இது ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

காகிதத் தட ஓட்டம் மலாயாவுக்கும் வந்தது. மலாக்காவில் 1930களில் ஸ்பிரிங்கிட் ஹேரியர்ஸ் என்னும் ஓட்டக் குழு இருந்தது. அதில் ஓடிப் பார்த்த கிஸ்பர்ட் என்னும் ஆங்கிலேயக் கணக்காளர், 1938இல் நண்பர்களுடன் சேர்ந்து கோலாலம்பூரில் ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று உலகின் பல நாடுகளில் அப்பெயரில் சங்கங்கள் உள்ளன. அவர்களுடைய முறையில் பொய்த் தடங்களும் உண்டு. முன்னே பாய்ந்தவன் பொய்த் தடத்தில் சென்று திரும்புவதற்குள் பின்தங்கியவன் வந்து சேர்ந்துகொள்வான். எனவே அங்கே யார் முதல்வர் என்ற கேள்விக்கு மதிப்பில்லை. இந்தத் துரைமார்கள் மாலையில் விளையாட்டாக ஓடிய ரப்பர்த் தோட்டப் பாதைகளில், நம் முன்னோர் விடியலுக்கு முன்பே வாளி சுமந்து நடந்தார்கள் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவருடைய பொழுதுபோக்குக்குரிய தடத்தை இன்னொருவருடைய உழைப்பே தேய்த்து வைத்திருந்தது.

மலாக்கா மாநிலத்தின் உட்பகுதி குறுக்கோட்டத்திற்கென்றே அமைந்தது போன்ற நிலம். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் மலைகள் உயரமில்லை; ஆனால் தரை ஓரிடத்திலும் சமமாகக் கிடப்பதில்லை. ஏறினால் இறங்க வேண்டும். இறங்கினால் மீண்டும் ஏற வேண்டும். ஆசகான் பக்கம் ஓடினால் ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங் கண்ணுக்குத் தெரியும். ரப்பர்க் காட்டில் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிரும். காய்ந்த சருகு பாதையை மூடிவிடும். வழக்கமாக நிழல் தரும் காடு அப்போது வெயிலுக்குத் திறந்து கிடக்கும். செம்பனைத் தோட்டமானால் வெட்டிய மட்டைகள் வரிசைகளுக்கிடையே அடுக்கிக் கிடக்கும். அவற்றின் முள் தெரியாமல் கால் வைத்தவன் மறுமுறை மறக்கமாட்டான். செம்மண் சாலை மழையில் வழுக்கும்; வெயிலில் புழுதி பறக்கும். இவற்றுக்கிடையே சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி இட்டு, மரங்களில் சிவப்பு நாடா கட்டி, ஆசிரியர்கள் பாதையை வகுப்பார்கள்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அரங்கத்தில் ஓடுகிறவனை ஆயிரம் கண்கள் காண்கின்றன. கோட்டைத் தாண்டினால் கொடி உயரும். தோட்டத்தில் ஓடுகிறவனை முதல் வளைவுக்கு அப்பால் எவரும் காண்பதில்லை. ரப்பர் மரங்கள் நேர்நிரையில் நிற்பவை. பாதை ஒரு குன்றைச் சுற்றி நீண்டு வளைந்து செல்லும்போது, மர நிரையின் ஊடாகப் பார்த்தால் அதன் மறுமுனை அருகிலேயே தெரியும். நூறு எட்டு குறுக்கே வைத்தால் அரை மைல் மிச்சம். கால் தளர்ந்த சிறுவனுக்கு அந்த நிரை ஓர் அழைப்பாகவே தோன்றும்.

இதற்கு நாம் கண்ட மாற்று, சோதனைச் சாவடி. பாதையின் இடையிடையே ஓர் ஆசிரியரை நிறுத்தி, கடந்து செல்லும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுக்கச் செய்கிறோம். முடிவில் வளையங்களை எண்ணிப் பார்த்தால் முழுப் பாதையும் ஓடியவன் யார் என்பது தெரிந்துவிடும். முறை நல்ல முறைதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? மாணவன் பாதையில் ஓடினான் என்பதைக் காட்டுகிறது. நேர்மையாளன் என்பதைக் காட்டவில்லை. வளையம் இல்லாவிட்டாலும் அவன் அவ்வாறே ஓடியிருப்பானா என்பதை எந்த வளையமும் கூறாது.

கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ தம் குடியரசு என்னும் நூலில் இவ்வினாவை ஒரு கதையாக எழுப்புகிறார். கைகஸ் என்னும் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் அந்த வலிமையால் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றுகிறான். அத்தகைய மோதிரம் நல்லவனுக்குக் கிடைத்தாலும் அவனும் அதையே செய்வான். மனிதர்கள் அச்சத்தினாலன்றி விருப்பத்தினால் நல்லவர்களாக இருப்பதில்லை என்பது அந்நூலில் அக்கதையைச் சொல்பவனின் வாதம். நம் பக்கத்தில் கன்னட நாட்டு அடியார் கனகதாசரைப் பற்றி வழங்கும் கதை இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. குரு தம் மாணவர்களிடம் ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்து, ஒருவரும் காணாத இடத்தில் உண்டு வருமாறு பணிக்கிறார். மற்றவர்கள் ஒளிந்து உண்டு திரும்புகிறார்கள். கனகதாசர் மட்டும் பழத்துடன் திரும்பி வருகிறார். இறைவன் காணாத இடம் ஒன்றையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரு கதைகளும் ஒரு வகையில் ஒன்றையே சொல்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். காண்பவர் இல்லையேல் நேர்மை இல்லை என்கிறது முன்னது. காண்பவர் எங்கும் உளர் என்கிறது பின்னது. இரண்டிலும் காண்பவர் தேவைப்படுகிறார். கடவுள் நம்பிக்கை உடையவர்க்குப் பின்னது போதும். ஆயினும், பல சமயப் பிள்ளைகளும் சமய நாட்டமில்லாத பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடும் பள்ளியில், காண்பவரைச் சாராத மறுமொழி ஒன்றும் வேண்டும் அன்றோ?

முதல் மறுமொழி, ஏமாற்றப்படுபவரைச் சுட்டுவது. 1980ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ரோசி ரூயிஸ் என்னும் பெண் முதலாவதாக வந்து மலர்முடி சூடினார். அவர் முழுத் தொலைவையும் ஓடாமல் கடைசிப் பகுதியில் மட்டும் புகுந்தவர் என்பது பின்னர் தெளிவாகி, அவருடைய வெற்றி பறிக்கப்பட்டது. உண்மையில் வென்றவர் கனடா நாட்டின் ஜாக்குலின் காரோ. பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் முடிவுக் கோட்டைக் கடந்த அந்த நொடியில், திரண்டு நின்ற மக்களின் ஆரவாரத்திற்கு நடுவே முதல்வராக நிற்கும் பேறு அவருக்குத் திரும்பவில்லை. அதைத் திருப்பித் தர எந்த நடுவராலும் இயலாது. குறுக்குவழியில் சென்றவர் பாதையை மட்டும் திருடவில்லை. இன்னொருவருடைய வாழ்நாளில் ஒரு நொடியையும் திருடிவிட்டார்.

இம்மறுமொழி வலிமையானது, ஆயினும் முழுமையானதன்று. ஏனெனில் ஒரு மாணவன் இவ்வாறு கேட்கக்கூடும்: “ஐயா, நான் முதலிடத்திற்கு ஓடவில்லை. அறுபதாவதாக வர வேண்டியவன் ஐம்பத்தைந்தாவதாக வந்தேன். அந்த இடத்திற்குப் பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை. யாருக்கு நட்டம்?” இக்கேள்வியைக் கடிந்து ஒதுக்கிவிடுவது எளிது, விடை கூறுவதே ஆசிரியரின் கடமை.

நட்டம் அவனுக்கே. ஓட்டம் என்பது பிறரோடு பொருதுவது மட்டுமன்று. தன்னை அளந்து பார்ப்பதும் ஆகும். மூன்றாவது மேட்டில் என் மூச்சு நிற்குமா, கால் வலிக்கும்போது என் மனம் என்ன சொல்லும், நான் எத்தனை முறை நின்றுவிட நினைத்தும் நிற்காமல் ஓடினேன் என்பவையெல்லாம் முழுப் பாதையையும் ஓடினால்தான் கிடைக்கும் அறிவு. குறுக்கே புகுந்தவனுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அளவுகோலைத் தானே உடைத்துவிட்டு, தன் உயரத்தை எழுதிக்கொண்டவன் அவன். பிறரை ஏமாற்றியவனுக்கு உண்மை தெரியும்; தன்னை அளக்கும் கோலை ஏமாற்றியவனுக்கோ உண்மை இனித் தெரியவே தெரியாது. விடையைப் பார்த்து எழுதிய மாணவனின் நிலையும் இதுவே. தேர்ச்சி அறிக்கை அவன் கையில் இருக்கிறது. தான் எவ்வளவு அறிந்தவன் என்பது மட்டும் அவன் கையில் இல்லை.

இதனினும் தெளிவான ஒரு சான்று நம் பிள்ளைகள் ஓடும் பாதையின் இரு மருங்கிலும் நிற்கிறது. அதுதான் ரப்பர் மரம். மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வாணிகப் பயிராக்கியவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் பயிரிட்டார். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்துத் தந்தார். அம்முறையின் உயிர் நுட்பமெல்லாம் உளியின் ஆழத்தில் இருக்கிறது. பால்குழாய்கள் மிகுந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மென்படலம். உளி மேலோடு போனால் பால் குறையும். ஆழமாகப் போய்ப் படலத்தைத் தொட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். அக்காயம் அன்று தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, புதுப்பட்டையை மீண்டும் வெட்ட வரும்போதுதான் தெரியும்.

பால் மிகுதியாகச் சுரப்பது குளிர்ந்த விடியலில். ஆகவே பெரட்டு முடிந்ததும் இருளிலேயே, தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், ஒரு பெண் தன் நிரைக்குள் தனியாக நுழைவாள். நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள். கங்காணி வந்து பார்ப்பது சில மரங்களைத்தான். ஆழமாக வெட்டினால் அன்றைய பால் கூடக்கூடும்; காயம் வெளிப்படும் நாளில் அந்த நிரையில் யார் வெட்டுவார்களோ! இத்தனைக்கும் இடையில் அளவோடு வெட்டிய கைகள் நம் தாய்மாரின் கைகள். காவல் இல்லாத பாதையில் நேர்மை இயலுமா என்று பிளேட்டோவின் நூல் கேட்கிறது; நம் தோட்டங்களில் அது நாள்தோறும் விடியுமுன் நிகழ்ந்தது.

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. “அந்த நேர்மையால் பயனடைந்தவன் முதலாளி. குறைந்த கூலிக்கு உழைத்தவனிடம் நேர்மையைப் புகழ்வது, அடிமைத்தனத்திற்கு அறம் என்று பெயர் சூட்டுவதாகாதா?” நியாயமான தடையே இது. தோட்ட வாழ்வின் கொடுமையை மறைத்து உழைப்பாளியின் நற்குணத்தை மட்டும் பாடுவது நேர்மையாகாது. ஆயினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். முதலாளிக்கு அஞ்சி நடப்பது வேறு. தொழிலுக்கு உண்மையாக நடப்பது வேறு. மரத்தைக் காயப்படுத்தாத அதே மக்கள்தாம் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் திரண்டு கூலிக்காகப் போராடினார்கள். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தாமே வாங்க முனைந்தார்கள். தன் கடமையில் வழுவாதவனுக்குத் தன் உரிமையை நிமிர்ந்து கேட்கும் தகுதி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நேர்மையும் பணிவும் ஒன்றல்ல.

விதியைக் காப்பது நேர்மையின் தொடக்கம். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்பெயின் நாட்டின் புர்லாடா நகரில் ஒரு குறுக்கோட்டம் நடைபெற்றது. அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற கென்யாவின் ஏபல் முத்தாய் முன்னணியில் வந்தார். முடிவுக் கோட்டைக் கடந்துவிட்டதாக எண்ணி, அதற்குச் சுமார் பத்து மீட்டருக்கு முன்பே ஓட்டத்தைத் தளர்த்திவிட்டார். பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா எளிதில் முந்தியிருக்கலாம்; எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. அவரோ முந்தாமல், மொழி தெரியாத அந்த வீரருக்குச் சைகையால் கோட்டைக் காட்டி, அவரை முன்னே விட்டுத் தாம் இரண்டாவதாகவே வந்தார். வெல்ல வேண்டியவர் அவரே, நான் அல்லேன் என்பது அவருடைய நிலை. அனாயாவின் பயிற்றுநர் உலக வாகையராக இருந்தவர். அந்தச் செயலை நேர்மையானது என்று ஏற்ற அவரே, தாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் முந்தியிருப்பேன் என்று மறைக்காமல் கூறினார். ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி இது. மாணவன் ஆசிரியரைக் கடந்து சென்ற இடம் அது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், காண்பவர் என்ன சொல்வர் என்பதைக் கருதாமல் செயல்பட்டார் அவர். காவல் இல்லாத இடத்தில் மட்டுமன்றி, காவல் அனுமதித்த இடத்திலும் அறம் தனித்து நிற்கும் என்பதை அவர் காட்டினார்.

அப்படியானால் பள்ளி செய்ய வேண்டியது என்ன? சோதனைச் சாவடிகளை நீக்கிவிடுவதா? கூடாது. நேர்மையாக ஓடுகிறவனுக்கு நீதி வழங்க அவை வேண்டும். தோட்டத்தில் கால் சுளுக்கி விழுந்தவனைத் தேடவும் அவை வேண்டும். ஆனால் சாவடியைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒழுக்கம் பெருகும் என்று எண்ணுவது பிழை. ஒவ்வொரு வளைவிலும் கண் இருந்தால், மாணவன் கண்ணைக் கற்பானே அன்றி நெறியைக் கற்கமாட்டான். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாதது போலவே, நேர்மையையும் எந்நேரமும் காவலுக்குள் நின்று கற்க முடியாது. நம்பி விடப்பட்ட ஒரு பகுதி ஒவ்வொரு பாதையிலும் வேண்டும். அப்பகுதி நம்பிக்கைக்குரியது என்பதை ஓட்டத்திற்கு முன்பே மாணவர்க்குச் சொல்லிவிடவும் வேண்டும்.

இரண்டாவதாக, கடைசியில் வருபவனை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பது முதன்மையானது. முதல் பத்துப் பேர் வந்ததும் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கும் பள்ளி, முழுப் பாதையும் ஓடுவதற்கு மதிப்பில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. கடைசி மாணவன் கோட்டைக் கடக்கும்வரை ஆசிரியர்கள் நின்றிருந்தால், பாதை முழுமையும் பொருளுடையது என்பதை அவனும் பிறரும் உணர்வார்கள்.

மூன்றாவதாக, வழுவியவனுக்குத் திரும்பும் வழி அடைபடக் கூடாது. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிரெட் லோர்ஸ் என்பவர் பாதித் தொலைவுக்கு நெருக்கமாக மோட்டார் வண்டியில் சென்றுவிட்டு, முதல்வராக அரங்கத்தில் ஓடி நுழைந்தார். உண்மை வெளிப்பட்டு விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 1905இல், அதே மனிதர் பாஸ்டன் மாரத்தானை முழுமையாக ஓடி வென்றார். தண்டனை நெறியைக் காட்ட வேண்டும். நெறியிலிருந்து ஒருவனை நிரந்தரமாகத் துரத்திவிடக் கூடாது.

காலம் மாறிவிட்டது. ரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாயின; சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டப் பள்ளிகள் சில நகரங்களுக்குப் பெயர்ந்தன. மறுபுறம், ஓடுகிறவன் காலணியில் கட்டிய சில்லு அவன் நேரத்தைக் குறிக்கிறது. மணிக்கட்டில் உள்ள கருவி அவன் சென்ற தடத்தை விண்கோளின் துணையால் வரைகிறது. குறுக்கே புகுந்தவனைப் பிடிப்பது முன்னினும் எளிது. இனி நேர்மையைப் பற்றிக் கவலை வேண்டா என்று சிலர் மகிழலாம். உண்மை அதற்கு மாறானது. கருவிகள் பெருகப் பெருக, காணப்படாமல் நேர்மையாக இருந்து பழகும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் குறைந்துகொண்டே போகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவன், கருவி எட்டாத இடத்தை வாழ்வில் அடையும்போது என்ன செய்வான்? அத்தகைய இடங்கள் என்றும் உண்டு. வாக்குறுதி அளிப்பவனின் உள்ளம் அத்தகைய இடம். கணக்கு எழுதுபவனின் கை அத்தகைய இடம். பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஆசிரியரின் வகுப்பறையும் அத்தகைய இடமே.

ஆகவே, குறுக்கோட்டத்தை உடற்பயிற்சி என்று மட்டும் கருதாமல், நன்னெறிக் கல்வியின் ஒரு பாடமாகவே கொள்ளல் தகும். அதற்குப் பாடநூல் வேண்டா; ஒரு குன்றும், அதைச் சுற்றி வளையும் ஒரு பாதையும், அப்பாதையில் ஒரு பகுதியேனும் பிள்ளையை நம்பித் தனியே விடும் துணிவும் போதும். குன்றைச் சுற்றி ஓடியவனும் குறுக்கே புகுந்தவனும் ஒரே கோட்டில்தான் வந்து சேர்கிறார்கள். ஆனால் குன்றின் மறுபக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், அவர்களுள் ஒருவனுக்குத்தான் விடை தெரியும்.